பதினான்காம் தேதிப் படம்

அந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் 'வரும்' என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. குளிர்கால மழை அறிக்கையின் வரைவில் யாராவது தெரியாத்தனமாக 'மழை வரும்' என்று எழுதிவிட்டால் போதும். வரைவைத் திருத்துகிற அவன் சிவப்புப் பேனாவை எடுத்து, தாளின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுத்தி அதை அடித்துவிட்டு, 'வர வாய்ப்பு அதிகம்' என்று மேலே எழுதுவான்.

"எதுக்கு சார் இவ்வளவு கோபம்? ஒரே ஒரு சொல்லு" என்பார் பக்கத்து மேசையில் வரைபடம் போடுகிறவர்.

"அந்த ஒரு சொல்ல நம்பித்தான் ஒருத்தன் நிலத்துல எறங்குவான். மழை என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா, தேதி சொல்லிட்டு வர்றதுக்கு?"

"எங்க வீட்டு மாப்பிள்ளையும் சொன்ன தேதிக்கு வந்ததில்ல சார்."

அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இரண்டு பேரைப் பற்றியும் நாள்முழுக்கச் சொல்லக் கதை வைத்திருந்தார்.

அவன் வேலை கடலுக்கு வெப்பம் பார்ப்பது. அந்தக் கடல் பக்கத்தில் இருப்பதல்ல. மலைகள் தாண்டி, இன்னொரு கண்டமும் தாண்டி, எங்கோ பூமியின் மறுபக்கத்தில் கிடப்பது. மிதவைகளும் கப்பல்களும் செயற்கைக்கோள்களும் அதன் சூட்டை அளந்து அனுப்ப, செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் அது ஒரு வண்ணப் படமாக அவன் திரைக்கு வரும். வழக்கத்தைவிடச் சூடான தண்ணீர் சிவப்பு, குளிர்ந்தது நீலம். அந்தக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சேர்ந்து சிவந்தால், மேலே இருக்கிற காற்று பொங்கி எழும்பும். உயரத்தில் ஆறுபோல் ஓடுகிற பெருங்காற்று தடம் மாறும். எங்கேயோ போகவேண்டிய மேகங்களைக் குளிர்காலத்தில் இந்த வறண்ட மண்ணுக்குத் தள்ளிக்கொண்டு வரும். அங்கே தண்ணீர் ஒரு டிகிரி சுட்டால் இங்கே புல் முளைக்கும். இதுவரை கணக்கில் வந்த இருபத்திரண்டு சிவப்பு வருடங்களில் பதினைந்து வருடம் அப்படித்தான் நடந்திருக்கிறது. மீதி ஏழு வருடம் நடக்கவில்லை. அந்த ஏழுக்காகத்தான் சிவப்புப் பேனா.

கடலை அவன் நேரில் பார்த்ததே கிடையாது. நிச்சயத்துக்கு முன்பே மருமகளின் நிறைகுறை எல்லாம் சொல்கிற மாமியார்போல, பார்க்காத கடலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத குடும்பம் என்று சொல்வார்கள். அவனுடைய ஊரில் மழையே அபூர்வம் என்பதால் அந்தச் சாக்கும் யாருக்கும் கிடைத்ததில்லை. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன். படிக்க வைத்தவள் அவனைவிடப் பத்து வயது மூத்த அக்கா. வேறு ஊருக்கு வேலைக்குப் போன கணவன் போனவன் போனவன்தான் என்று ஆனபிறகு, ஆறு செம்மறி ஆடுகளோடு அவள் நின்றாள். ஆறு ஆடு இருபதாகும்போது தம்பி படிப்பை முடித்திருந்தான். பட்டம் கொடுக்கும் நாளில், பெரிய மனிதர்களுக்கு ஒதுக்கிய முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கச் சொன்ன ஆளிடம், "அந்தக் கறுப்பு அங்கியில நிக்கிறான் பாரு, என் தம்பி. என் ஆட்டு மேல சத்தியமா அவன் எறங்குற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்" என்றாள். ஆட்டு மேல் சத்தியம் செய்கிறவளை என்ன செய்வதென்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டார்.

ஊரில் அவனுக்குக் கடல் டாக்டர் என்று பெயர். வைத்தவளும் அக்காதான்.

"கடலுக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு என் தம்பி பாக்குறான். அதுக்குக் காய்ச்சல் வந்தா நமக்குத் தண்ணி வரும்" என்று, ஆடு வைத்திருந்த மற்ற ஆறு வீடுகளுக்கும் அவள் விளக்கியிருந்தாள். அவன் படித்த நாலு வருடப் பாடத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல அவனாலும் முடியாது.

அந்த ஏழு வீட்டுக்கும் வருடத்தில் ஒரு முடிவுதான் பெரிய முடிவு. குளிர்காலம் தொடங்கும் முன், சினை ஆடுகளை லாரியில் ஏற்றி இரண்டு நாள் பயணத்தில் இருக்கிற ஆற்றங்கரை வயல்களுக்கு அனுப்புவதா, ஊரிலேயே வைத்திருப்பதா? அறுவடை முடிந்த அந்த வயல்களில் தாளும் தண்ணீரும் கிடைக்கும். முந்திப் போனால் இடம் உண்டு, பிந்தினால் கால் வைக்க இடமில்லை. ஆனால் லாரியின் குலுக்கலில் சினை கலையும், ஈர மண்ணில் குளம்பு அழுகும். ஊரில் குளிர்கால மழை பெய்துவிட்டால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். ஆட்டுப் பட்டிக்கு வெளியே புல் முளைக்கும், ஆடு குட்டி போடும், பால் இருக்கும்.

அக்டோபர் அறிக்கையில் அவன் எழுதிய எண்கள்: வழக்கத்தைவிட அதிக மழைக்கு நூற்றுக்கு அறுபது, வழக்கமான அளவுக்கு இருபத்தைந்து, குறைவுக்குப் பதினைந்து. அவன் பார்த்த வருடங்களில் அவ்வளவு சிவப்பான கடலை அவன் கண்டதில்லை.

அன்று மத்தியானமே அக்கா கூப்பிட்டாள்.

"டேய் டாக்டரு, ரேடியோல அறுபதுங்கிறான், இருபத்தஞ்சுங்கிறான். ஒண்ணும் வெளங்கல. என்கிட்ட இருக்கறது முப்பத்தெட்டு ஆடு. நூத்துக்கு அறுபதுன்னா அதுல எத்தன ஆடு நனையும்?"

"அப்படி இல்லக்கா. இது வாய்ப்பு. பத்து வருஷம் இப்படி இருந்தா ஆறு வருஷம்..."

"பத்து வருஷம் யாருக்குடா இருக்கு? எனக்கு இந்த வருஷம் சொல்லு. போன தடவ அனுப்பினதுல எட்டு சினை கலைஞ்சுது. நம்ம சண்டக்காரி ஆட்டுக்குக் குளம்பே போச்சு. இங்க ஆறு வீட்டுக்காரங்களும் 'உன் தம்பி என்ன சொல்றான்'னு என் வாயத்தான் பாத்துட்டு நிக்கிறாங்க. ஒரே வார்த்தை. வருமா, வராதா?"

மேசைமேல் சிவப்புப் பேனா மூடி திறந்து கிடந்தது. அவன் திரையைப் பார்த்தான். கடல் செக்கச்செவேலென்று இருந்தது.

"வரும்க்கா" என்றான்.

"அப்படிச் சொல்லு. இதுக்குப் போய் நாலு வருஷம் படிச்சியா!" அவள் சிரித்தபடியே வைத்துவிட்டாள். ஏழு வீட்டிலும் ஒருவர்கூட லாரிக்குச் சொல்லவில்லை.

நவம்பர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, வந்த படத்தில் சிவப்பு நகர்ந்திருந்தது. கடலின் கிழக்கு ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. சூடான தண்ணீர் எல்லாம் நடுவுக்கும் மேற்குக்கும் ஒதுங்கியிருந்தது. பார்க்கிறவருக்கு அது சின்ன மாற்றம். அவனுக்கு அப்படியில்லை. சிவப்பு இப்படி மேற்கே சரிந்த பழைய வருடங்களைப் புரட்டினான். நான்கு இருந்தன. இரண்டில் மழை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மற்ற இரண்டில் குளிர்காலம் முடிகிற நேரத்துக்கு, பந்தி முடிந்தபிறகு வருகிற விருந்தாளிபோல வந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனான்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒரே ஒரு வாரப் படம். இத வெச்சு மாத்தினா, அடுத்த வாரம் சிவப்பு திரும்பி வந்தா திரும்பவும் மாத்துவியா? ஒண்ணாம் தேதி பாப்போம்."

"ஒண்ணாம் தேதிக்குள்ள ஆட்டுக்காரங்க லாரியெல்லாம் போயிடும் சார்."

"அதுவரைக்கும் வெளியில ஒரு வார்த்தை போகக்கூடாதுன்னு விதி எழுதினது யாரு?"

அவன்தான். ஐந்து வருடத்துக்கு முன், அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் மழை இருக்காது என்பதை அறிக்கைக்கு முன்பே மைத்துனனிடம் சொல்லிவிட்டார். மைத்துனன் ஆற்றங்கரையில் நல்ல வயலை எல்லாம் வளைத்துப் போட்டான். பிந்தி வந்தவர்களின் ஆடுகள் ரோட்டோரத்தில் நின்று செத்தன. அப்போது கொதித்து எழுந்தவன் இவன். 'எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில். அதற்கு முன் யாருக்கும் இல்லை, சொந்தபந்தத்துக்கும் இல்லை' என்று ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். பெரிய இடத்துப் பிள்ளைகள்தான் மைத்துனனுக்குச் சலுகை காட்டுவார்கள், ஆட்டுக்காரி வளர்த்த பிள்ளை காட்டமாட்டான் என்பது அவனுடைய பெருமை. அந்தப் பெருமை சின்னதில்லை.

கடைசி லாரிகள் இருபத்துநான்காம் தேதி கிளம்பும். இருபதாம் தேதி அக்கா கூப்பிட்டாள்.

"நம்ம கடலுக்குக் காய்ச்சல் எப்படிடா இருக்கு? இங்க பொட்டு மேகம் காணோம்."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். கீழே தெருவில் யாரோ ஒருவர் தள்ளுவண்டியைத் தனியாக மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாம் தேதி அறிக்கை வருதுக்கா."

"அது ஊருக்கு. எனக்கு?"

"உனக்கும் அன்னிக்குத்தான். வேலையில அப்படித்தான் விதி. முன்னாடி சொல்லக்கூடாது."

"அடேயப்பா! மூக்கு ஒழுகினா என் சேலையிலதான் தொடச்ச, இன்னிக்கு எனக்கே விதி சொல்றான் பாரு." அவளுக்குக் கோபமில்லை; குரலில் பெருமைதான் பொங்கியது. "சரி, விதின்னா விதி. உன் வேலைக்கு வம்பு வேண்டாம். நீ ஒண்ணும் சொல்லலேன்னா மாத்தம் ஒண்ணும் இல்லன்னு நான் எடுத்துக்கறேன். ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லாமலா இருப்ப?"

'அப்படி எடுத்துக்காதக்கா' என்று இரண்டு சொல் சொன்னால்கூடப் போதும். அவள் புத்திசாலி, பாதி ஆட்டையாவது ஏற்றியிருப்பாள். அவன் அதையும் சொல்லவில்லை.

"சாப்ட்டியாடா?" என்றாள்.

"சாப்ட்டேன்க்கா."

டிசம்பர் ஒன்றாம் தேதி அறிக்கையில் அறுபது நாற்பத்தைந்தாக இறங்கியது. குறைவுக்கான எண் இருபத்தைந்துக்கு ஏறியது. அன்று அவனே கூப்பிட்டான். அவள்தான் அவனைத் தேற்றினாள். "கேட்டேன்டா. என்ன பண்றது, லாரியெல்லாம் போய் ஒரு வாரம் ஆச்சு. கடல் பண்ற கூத்துக்கு நீ என்ன பண்ணுவ? இப்பவும் அந்த நாப்பத்தஞ்சுதானே பெருசு. பாத்துக்கலாம்."

டிசம்பரில் ஒரு சொட்டு விழவில்லை. ஜனவரியில் காய்ந்த குளிர்காற்று மட்டும் வந்தது. சேர்த்து வைத்திருந்த வைக்கோல் தீர்ந்தது. ஆற்றங்கரைக்குச் சொல்லி அனுப்பினார்கள். நிற்க இடமில்லை என்று பதில் வந்தது.

ஜனவரி நடுவில், கிடைத்த தீவன மூட்டைகளை ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் ஊருக்குப் போனான். காலை வெயில் ஏறியிருந்தது. பட்டியில் ஆடுகள் சத்தம் போடவே இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. பசித்த ஆடு கத்தும்; ரொம்பப் பசித்த ஆடு கத்தாது.

அக்கா ஒரு சாக்கை நீளமாகக் கிழித்து, எழுந்திருக்க முடியாத ஆட்டின் வயிற்றுக்கு அடியில் கொடுத்திருந்தாள். "அந்தப் பக்கம் பிடி. நிக்க வெச்சாத்தான் பொழைக்கும். படுத்துட்டா அவ்வளவுதான்." இருவரும் தூக்கினார்கள். அது நின்றது. கை எடுத்ததும் முன்னங்கால் மடங்கியது. மறுபடி தூக்கினார்கள்.

"இவதான் சண்டக்காரி" என்றாள். "யாரையும் கிட்ட விடமாட்டா. இன்னிக்குப் பாரு, என்ன பண்ணாலும் சும்மா இருக்கா. முட்டுடி ஒரு தடவ. உன் மாமன் வந்திருக்கான், முட்டு."

சண்டைக்காரி முட்டவில்லை. மத்தியானத்துக்குள் கண் நிலைகுத்திவிட்டது. அதற்கு முந்தின வாரம் பிறந்த ஐந்து குட்டிகளும் மூன்று நாள் தாண்டவில்லை என்று அக்கா சொன்னாள். தாய்க்கு மடி காய்ந்திருந்தது. துணியை நனைத்துக் குட்டியின் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாள். துணியைச் சப்பிக்கொண்டே செத்ததாம்.

"அக்கா..." என்று தொடங்கினான்.

"மூட்டைய எல்லாத்தையும் இங்க எறக்காத. ஆறு வீட்டுக்கும் பிரி. என் பேச்சக் கேட்டு இருந்தவங்க" என்றாள்.

அவன் மூட்டைகளைப் பிரித்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினான்.

பிப்ரவரி பத்தாம் தேதி கடைசி ஆடும் செத்து, மற்ற ஆறு வீட்டைப் போல அவளுடைய பட்டியும் காலியானது. பதினாறாம் தேதி மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை. பிப்ரவரி முடியும்வரை, பதின்மூன்று நாள், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

மார்ச் முதல் வாரத்தில் அலுவலகத்தில் கணக்கு சரிபார்த்தார்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதத்தின் மொத்த மழையை எடுத்து, முன்னால் சொன்னதோடு ஒப்பிட்டு, பலித்ததா இல்லையா என்று எழுதுவது வழக்கம். மொத்தம் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். 'பலித்தது.' வரைபடக்காரர் கை தட்டினார். "இருபது வருஷத்துல இதான் நம்ம நல்ல குளிர்கால அறிக்கை" என்றார் தலைவர்.

"எல்லா மழையும் கடைசிப் பதிமூணு நாள்ல வந்துது சார். அதையும் எழுதணும்."

"எப்ப வரும்னு நாம சொல்லவே இல்லையேப்பா. மூணு மாசத்து மொத்தம், அவ்வளவுதான் நாம சொன்னது." அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க அக்காவோட ஆடு விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு. கையெழுத்துப் போடு. ஊருக்குப் போயிட்டு வா."

'பலித்தது' என்பதற்குக் கீழே அவன் கையெழுத்துப் போட்டான். கணக்குப்படி அது பொய்யில்லை.

ஊருக்கு இறங்கும் பாதையில் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல். அந்த மண்ணில் அவன் அவ்வளவு பச்சையைப் பார்த்ததில்லை. மேய ஒரு வாயில்லை. அக்கா பட்டியின் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் குடிப்பதற்கு என்று அவன் கேட்கவில்லை. லேசாகத் தூறியது.

அவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ரேடியோல சொன்னாங்கடா! இருபது வருஷத்துல நல்ல அறிக்கையாம். கேட்ட கையோட ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தேன். 'பாத்தீங்களா, என் தம்பி பொய் சொல்லல. மழைதான் வழியில தூங்கிட்டு வந்துச்சு'ன்னு. ரெண்டு மாசமா என் மூஞ்சியப் பாக்காதவங்ககூட, 'சரி விடும்மா, அவன் வரும்னு சொன்னான், வந்துச்சு, நமக்குத்தான் விதி'ன்னாங்க." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஆடு போச்சு. உன் பேரு போகல. அது போதும்டா எனக்கு."

அவளிடம் மீதி இருந்தது அது ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லாமல் பஸ் ஏறிவிடலாம். ஆனால் ஒரு தடவை சொல்லாமல் இருந்ததன் விலை கண்ணுக்கு முன்னால் காலியாகக் கிடந்தது.

"அக்கா, மழை தள்ளிப் போகலாம்னு எனக்கு முன்னாடியே தெரியும். நவம்பர் பதினாலாம் தேதி வந்த படத்துலயே தெரிஞ்சுது."

அவள் தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். முழுக்க வடிகிறவரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போன் பண்ணது லாரி கெளம்ப நாலு நாள் முன்னாடி."

"ஆமா."

"சொல்லலேன்னா மாத்தம் இல்லன்னு எடுத்துக்கறேன்னு சொன்னேனே. அது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா. எல்லாருக்கும் ஒரே நாள்லதான் சொல்லணும். சொந்தக்காரங்களுக்கு முந்திச் சொன்னா மத்தவங்க அழிஞ்சு போவாங்க. அதுக்காக நானே எழுதின விதி..."

"நல்ல விதிதான்" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு இருக்கக்கூடாது. சரிதான். அப்ப அக்டோபர்ல எனக்கு மட்டும் 'வரும்'னு சொன்னியே, அது எந்த விதிடா?"



தூறல் கொஞ்சம் வலுத்தது. அவள் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா போற?"

"ஆறு வீட்டுக்கும். நேத்துச் சொன்னத மாத்திச் சொல்லணுமில்ல."

"நான் வர்றேன். நான்தானே சொல்லணும்."

"அவங்க உன்ன எங்க கேட்டாங்க? என்னக் கேட்டாங்க. என் வாய நம்பித்தான் இருந்தாங்க." பட்டி வாசல் படலைத் திறந்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "நீ இங்கயே இரு."

அவன் காலிப் பட்டியின் வாசலில் நின்றான். முதல் வீட்டில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். போனவள் சீக்கிரமே வெளியே வந்தாள். இரண்டாவது வீட்டுக்காரர் அவள் பேசி முடிக்கும்வரை அசையாமல் நின்றுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் சத்தம் போட்டாள். சொற்கள் இவ்வளவு தூரம் கேட்கவில்லை. கை மட்டும் இவன் நிற்கிற திசையைக் காட்டிக் காட்டித் தாழ்ந்தது. பேசும்போது இரண்டு கையையும் ஆட்டிப் பேசுகிறவள் அக்கா. அன்று கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தப் பெண் ஓய்கிறவரை மழையில் நின்றாள். பிறகு புல்லை விலக்கிக்கொண்டு நான்காவது வீட்டுக்கு நடந்தாள்.